ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம்

மேடம்,

இன்று காலை கல்லூரிக்குள் நுழைந்ததுமே பெயிண்ட் வாசனை அடித்தது. பெண்கள் விடுதிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். கட்டில்களைக் கழற்றி வராந்தாவில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டு நாளில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுமாம். அங்கே டிசைன் ஸ்டூடியோ வரப்போகிறது. சேலையில் பட்டுவிடும், தள்ளி நில்லுங்கள் என்று பெயிண்டர் சொன்னார். தள்ளித்தான் நின்றேன்.

நீங்கள் கண்மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதும்படியான நல்ல சேதி எதுவும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

பதினாறு வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசை. நீங்கள் வேதியியல், நான் வரலாறு. கடைசி வரை ஒருவரையொருவர் மேடம் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். என் டப்பாவிலிருந்து கத்தரிக்காய்ப் பொரியலை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, உப்பு பத்தவில்லை என்று அந்த நிமிடமே சொல்லிவிடுவீர்கள். இந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பிரமாதம் என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை கை வைக்காமல் இருப்பார்கள். முதல் ஒரு வருடம் உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது.

கல்விக் குழுக் கூட்டம் நம் கல்லூரியில் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என்ன பாடம் வைப்பது, என்ன கட்டணம் வாங்குவது, விடுதியை என்ன செய்வது, எல்லாம் அந்த நீள மேசையில்தான் முடிவாகும். உட்கார்ந்ததுமே மினிட்ஸ் நோட்டு சுற்றி வரும். வெற்றுப் பக்கத்தின் அடியில் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம், வந்ததற்கு அடையாளமாக. பின்னாலேயே போண்டாவும் டீயும் வரும். கூட்டம் முடிந்து அவரவர் வகுப்புக்கு ஓடிய பிறகு, மேலே இருக்கும் காலி இடத்தில் கிளார்க் தீர்மானங்களை எழுதுவார். இதில் தப்பு இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. உங்களைத் தவிர.

நீங்கள் பேனாவை எடுத்து, பக்கத்தின் மேல் மூலையிலிருந்து உங்கள் கையெழுத்து வரைக்கும் சாய்வாக ஒரு கோடு இழுப்பீர்கள். கோட்டை ஒட்டி 'வருகைக்கு மட்டும்' என்று எழுதுவீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுத முடியாது. கிளார்க் வேறு பக்கத்தில் எழுதி, உங்களிடம் தனியாக வந்து நிற்க வேண்டும். உங்களைப் பார்த்தாலே அவருக்கு அலுப்பு வரும். எனக்குக்கூட, எல்லோர் முன்னாலும் இப்படி ஒரு கோடு தேவையா என்று இருந்தது. கேட்டதற்கு, "எழுதாத பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டா, அப்புறம் என்ன எழுதுனாலும் அது நான் சொன்னதாயிருமுங்க மேடம்" என்றீர்கள்.

விடுதியை மூட அவர்கள் முதல் தடவை கிளம்பியபோது காப்பாற்றியது அந்தக் கோடுதான். தனிப்பக்கம் உங்கள் கைக்கு வந்தது. 'எனக்கு இதில் உடன்பாடில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டீர்கள். நம் ஆட்களுக்கு ஒருமனதாக இல்லாத தீர்மானம் என்றால் கல்யாணப் பந்தியில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனது மாதிரி. வெட்கப்பட்டுப் போய், பேச்சையே விட்டுவிட்டார்கள். மூன்று வருடம் விடுதி பிழைத்துக் கிடந்தது.

உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

கௌசல்யாவை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு வரலாற்றில் சேர்ந்த பெண். தாராபுரம் பக்கம். அப்பா இல்லை. அம்மா நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை, தங்குவது கம்பெனி ஹாஸ்டலில். அங்கே வேலை செய்பவர்கள் மட்டும்தான் தங்கலாம், மகளைச் சேர்க்க மாட்டார்கள். ஊரில் இருந்த வீட்டையும் விட்டுவிட்டார்கள். ஆக, நம் விடுதியின் ஏழாம் நம்பர் அறைதான் அவளுக்கு வீடு. அது போனால் அவளுக்கு இரண்டே வழி. அரசு விடுதியில் விண்ணப்பம் போட்டு இடம் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் படிப்பை விட்டு அம்மாவின் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர வேண்டும்.

என் முதல் கூட்டத்திலேயே அது வந்தது. வரலாற்றுக்குப் புதுச் சேர்க்கை இல்லை, மற்றப் பாடங்களுக்குக் கட்டண உயர்வு, விடுதிக்குப் பதில் ஸ்டூடியோ, மூன்றும் ஒரே தீர்மானம். அதற்கு முன்பே நோட்டு என்னிடம் வந்துவிட்டது. உங்கள் கோடு ஞாபகம் இல்லாமல் இல்லை மேடம். பேனா கையில்தான் இருந்தது. ஆனால் பிரின்சிபால் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, பையனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்தார். அந்த முகத்துக்கு முன்னால் கோடு இழுத்தால் அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகாதா? கையெழுத்துப் போட்டு நோட்டைத் தள்ளிவிட்டேன்.

பேசாமல் வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எழுந்து நின்று பேசினேன். இந்தப் பெண்களுக்குப் போக இடமில்லை என்று கௌசல்யா கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு பிரின்சிபால், "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு வாஸ்தவமுங்க" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், அந்தப் பதிலின் அர்த்தம் தெரியாதவள் இல்லை. இருந்தாலும் அன்றைக்கு நம்பினேன். உங்கள் வேலையை உங்களைவிட நயமாகச் செய்துவிட்டேன் என்று ஒரு பெருமைகூட வந்தது.

அந்த வாரம் கௌசல்யா கையில் அரசு விடுதி விண்ணப்பத்தோடு வந்தாள். சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்றாள். நான்தான், "அதெல்லாம் எதுக்கு கண்ணு, இங்க ஒண்ணும் ஆகாது, போய்ப் படி" என்று அனுப்பினேன். அவள் முகம் தெளிந்துபோனது. விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

விண்ணப்பத் தேதி முடிந்து பத்து நாள் கழித்து மினிட்ஸ் நகல் வந்தது. 'ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' கீழே என் கையெழுத்து, அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். ஓடிப்போய்க் கேட்டேன். பிரின்சிபால் கோபப்படவே இல்லை. உட்காரச் சொன்னார், டீ சொன்னார். நோட்டைத் திருப்பி வைத்து, "இது உங்க கையெழுத்துதானுங்களே மேடம்?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அரசு விடுதியிலும் போய் நின்று பார்த்தேன். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். என் வீட்டிலேயே வந்து இரு என்று கௌசல்யாவைக் கூப்பிட்டேன். அவள் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் டி.சி. வாங்க வந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால் தேவலை. "பரவால்லீங்க மேடம், அம்மாகூட இருக்கலாமுங்க" என்றாள். இப்போது அம்மாவும் மகளும் ஒரே செக்கிங் டேபிளில் நிற்கிறார்கள். எனக்கு அடுத்த வருடத்திலிருந்து பேச்சுத் திறன் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். சிரிப்பீர்கள்.

போகும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். வார விடுமுறை ஞாயிறுதான். அன்றைக்கு மத்தியானம் தவறாமல் செய்தி வரும்: 'மேடம், ஹாஸ்டல் திரும்பத் தொறக்கறாங்களாங்க? ஏதாவது தெரிஞ்சுதுங்களா?' கட்டில்கள் வராந்தாவுக்கு வந்துவிட்டன. இல்லை, இனி திறக்க மாட்டார்கள், வேறு வழி பார் என்று எழுத வேண்டும். நீங்களாக இருந்தால் முதல் ஞாயிறே எழுதியிருப்பீர்கள். அழுதிருப்பாள், அதோடு தபாலில் படிக்கவாவது பணம் கட்டியிருப்பாள். உங்களை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் போனை எடுக்கிறேன். 'இல்லை' என்று தட்டுகிறேன், அழிக்கிறேன். நான்கு ஞாயிறாக நான் அனுப்பியிருப்பது ஒரே பதில்தான் மேடம்: 'பார்க்கலாம் கண்ணு.'

அவளும் ஒவ்வொரு முறையும் உடனே பதில் போடுகிறாள். 'சரிங்க மேடம், நீங்க சொன்னாப் போதுமுங்க.'