கொய்யா இலையில் மஞ்சள் நூல்

வடக்கனந்தல்
12.10.1987

மாமாவுக்கு,

ஜெயிலில் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார்களாம். அதனால் ஒரு குருவியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நம் கொல்லையில் இரண்டு கொய்யா இலைகளை யாரோ சேர்த்துத் தைத்திருந்தார்கள். மஞ்சள் நூல். சாலை மறியலின் முதல் நாள் நீங்கள் கட்டிப்போய் வந்த மஞ்சள் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேனே, அதில் உருவிய நூல். உங்களுக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கொளுத்திவிடத் தீப்பெட்டியோடு கிட்டே போனேன்.

இலைக்குள்ளிருந்து கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய குருவி ஒன்று வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டியது. பச்சை முதுகு, செம்பட்டைத் தலை. இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

சாமை விற்க வந்த மலைக்காரி பொன்னாயி சிரித்தாள். "இன்னாம்மா, தையக்காரக் குருவி தெரியாதா? மூக்காலயே தச்சிக்கினு கூடு கட்டும்."

பதினோரு வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன். இலை கிழியாத அந்தத் தையலைப் பார்த்ததும் கை தானாகக் கூப்பிக்கொண்டது, மாமா. உள்ளே மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன.

மறியலில் ரோட்டில் சாய்ந்த புளியமரங்களில் எத்தனை கூடு இருந்ததோ. அதையெல்லாம் எழுதக் கூடாது. விட்டுவிடுகிறேன்.

குஞ்சுகள் பறக்கப் பத்து நாளாகும் என்கிறாள் பொன்னாயி. ஜாமீனுக்கும் பத்து நாள் என்கிறார் வக்கீல். துண்டைக் கொடியிலேயே விட்டிருக்கிறேன். யார் முதலில் வெளியே வருகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி