மீனெண்ணெய் பூசிய வண்டி

வியாழன் இரவு, திருவொற்றியூர்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. நெட்டுக்குப்பத்து மீனவர் ஏழுமலை அண்ணனிடம் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளை இன்றுதான் முதல்முறையாக ரோட்டில் ஓட்டினேன். பல வருடம் கொட்டகையில் கிடந்த வண்டி. அந்த உப்புக்காற்றிலும் துளி துரு இல்லையே என்று மயங்கித்தான் வாங்கினேன். இன்ஜினை மட்டும் பிரித்துச் சரிசெய்தேன். எண்ணூர் சாலையில் முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. கால் பிரேக், கை பிரேக் இரண்டுமே பிடிக்கவில்லை. ஓரத்து மண்ணில் விழுந்து தப்பித்தேன்.

வீட்டுக்குத் தள்ளிவந்து சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் ஷூ முழுக்க மீனெண்ணெய். துருப்பிடிக்காமல் இருக்கப் படகுக்குப் பூசுவதுபோல உள்ளேயும் ஊற்றியிருக்கிறார் மனுஷன்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். "வண்டி எப்டி கீது நைனா? ஒரு சந்து வுடாம எண்ணெ வுட்டு வச்சிருந்தேன், தெரிமா?"

குரலில் அத்தனை பெருமை. "சூப்பரா கீதுண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன்.

"என் புள்ள வண்டியும் அதே மாரிதான் வச்சிகினு கீறேன். கப்பல் வேலையிலேந்து நாளைக்கி காலைல வர்றான். வந்ததும் எடுத்துகினு சுத்துவான் பாரு."

பிரேக் விஷயத்தை நான் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். எடுக்கவில்லை, கடலுக்குப் போயிருப்பார். மகன் நம்பர் என்னிடம் இல்லை.

விடிவதற்குள் நேரில் போய்த் தடுத்துவிடலாம் என்று சற்றுமுன் எழுந்து வாசல்வரை போனேன். அவசரத்தில் நான் எடுத்துக்கொண்டு போனது பிரேக் பிடிக்காத இதே வண்டியின் சாவி.