ஒரு நிமிஷம் அட்டென்ஷன்

மந்தைவெளி,
நவம்பர் 4

அன்பு மகன் ஜேக்கப்புக்கு,

அம்மா ஆசீருடன் எழுதுவது. நீயும் மருமகள் ஷெரிலும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. என் முட்டிவலி பழையபடிதான். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உனக்கு மெல்போர்னில் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன வருஷம் ஆகஸ்டில், நீ வந்து இறங்குவதற்குள் அப்பாவின் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேன். நேரமானால் பாடத்துக்கு உதவாது என்றார்கள். எழுதிவைத்தவர் அவர், கையெழுத்துப் போட்டவள் நான். "அப்பா மொகத்தக்கூடப் பாக்க விடலியேம்மா, பசங்க வெளையாடத் தூக்கிக் குடுத்துட்டியே" என்று வாசலில் நின்று கேட்டாய். அன்றைக்கு உன்னிடம் வீம்பாகப் பேசினேனே தவிர, பதினைந்து மாதமாக அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்திருப்பார்களோ என்று நினைத்தால் சோறு இறங்காது.

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முட்டிவலி என்று சொல்லி வீட்டிலேயே கிடந்தேன். இந்த வருஷம் போனேன். தாத்தா கல்லறையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினேன். பார்த்தால் கையில் இன்னொரு மாலை, இன்னொரு மெழுகுவர்த்தி. அப்பாவுக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறேன், வைக்கத்தான் இடமில்லை. என்ன தோன்றியதோ, ஆட்டோ பிடித்து நேரே கல்லூரி வாசலில் போய் நின்றுவிட்டேன்.

வாட்ச்மேன் விடவில்லை. "இன்னாம்மா, கோயில்னு நெனச்சிக்கினியா? நெருப்பெல்லாம் உள்ள எட்த்துனு போகக் கூடாது" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெண் நின்று விசாரித்தாள். அஸ்மத்துன்னிசா என்று பெயர், சைதாப்பேட்டையில் வீடு, இப்போதுதான் இரண்டாம் வருஷம். என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டேவிட்டேன், சிரிப்பீர்களாம்மா என்று. அவள் முகம் மாறிவிட்டது. முதல் வருஷம் முழுக்க அந்த உடல்களை வைத்துத்தான் பாடமாம். தினமும் துணியை விலக்குவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு நிமிஷம் நேராக நின்று, பேசாமல் நன்றி சொல்வார்களாம். மேஜைக்கு எண்தான் உண்டு, பெயர் கிடையாது. அப்பா எந்த மேஜையில் இருந்தார் என்று அவளுக்கும் தெரியாது. "அவங்கல்லாம் குடுக்கலன்னா நான் டாக்டராவே முடியாது ஆன்ட்டி. வருஷம் பூரா பேர் தெரியாமலே தேங்க்ஸ் சொல்லிட்டேன். அங்கிள் பேர் சொல்லுங்க" என்றாள்.

காஸ்பர், முப்பத்திரண்டு வருஷம் பி.டி. மாஸ்டர் என்றேன். சொல்லும்போதே சிரித்துவிட்டேன், ஜேக்கப். அட்டென்ஷன், அட்டென்ஷன் என்று தொண்டை கிழியக் கத்தி ஓய்ந்துபோன மனுஷன், இங்கே வாயைத் திறக்காமலே ஒரு வகுப்பையே தினமும் நேராக நிற்க வைத்திருக்கிறார்! அவளும் சிரித்தாள், கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் வாட்ச்மேன் வந்து, "சரி, அழாதம்மா, கேட்டாண்ட செவுத்தோரமா ஏத்திக்கோ" என்றார். தூறல் விழுந்தது. வர்த்தி அணையாமல் அந்தப் பெண் குடை பிடித்தாள். "தேங்க்ஸ் காஸ்பர் அங்கிள்" என்று சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

நான் கொடுத்தது தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் உனக்காக ஒருநாள் காத்திருக்க முடியாமல் போனது எனக்கும் வலிதான், மகனே. அதற்கு அம்மாவை மன்னித்துவிடு.

கிறிஸ்துமஸுக்கு அந்தப் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். நீங்களும் வாருங்கள். பள்ளிக்கூடத்தில் அப்பா வகுப்பில் ஒருநாளும் ஆடாமல் நிற்காதவன் நீ. என்னோடு அந்தச் சுவரோரம் வந்து ஒரே ஒரு நிமிஷம் நேராக நில். அதற்குப் பிறகும் என்மேல் கோபம் இருந்தால் திட்டிக்கொள், கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
மர்சலின்