பதினேழாவது சுற்று

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் படித்து முடிக்கும்வரை யாரிடமும் காட்டாதே, முடித்த பிறகும் காட்டாதே. உன் அறையில் கூட இருக்கிற அந்த நர்ஸ் அக்காவிடமும் வேண்டாம், என் கடிதங்களை அவளுக்கு வாசித்துக் காட்டிச் சிரிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போனிலும் எதையும் கேட்டுவிடாதே, நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். அதனால்தான் எல்லோரும் படுத்த பிறகு மேஜை விளக்குக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். நாளைக் காலை அப்பா கூரியரில் போடப்போகும் உன் பார்சலில் சாம்பல் நிற சாக்ஸ் இருக்கிறது, அதற்குள் இதைச் சுருட்டி வைத்துவிடுவேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் அம்மாவின் வலது முழங்காலைத் தவிர நன்றாக இருக்கிறோம், நீயும் இரண்டு முழங்காலையும் சேர்த்து நன்றாக இருக்க வேண்டும். பார்சலில் அம்மாவின் கடிதமும் இருக்கும். மாடிப்படி ஏறி இறங்கியதில் கால் வலி என்று அதில் எழுதியிருக்கிறாள். அது பொய். நாம் இருப்பது தரைத்தளம் என்பது இரண்டு வருடத்தில் உனக்கு மறந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள் போல.

அம்மா ஓடுகிறாள், அக்கா. பஸ்ஸைப் பிடிக்க இல்லை, சும்மா, விடியற்காலையில், ஷூ போட்டுக்கொண்டு. அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் வருடாவருடம் பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்துவார்கள் இல்லையா, சலவைப் பிரிவிலிருந்து இந்த வருடமும் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்து நாற்பது படுக்கை விரிப்பு மடிக்கும்வரை யோசித்தாளாம், மடித்து முடித்ததும் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாளாம். எதிரே நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவள், சலவையில் உதிரும் பட்டனையெல்லாம் சேர்த்து வைக்கிறாளே அந்தப் பட்டன் அத்தை, ரெண்டு ட்ராலி தள்ளினாலே உனக்கு மூச்சு வாங்குது, உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு கேட்டிருக்கிறாள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்கு மேல் போனால் தோரணத்தைப் பிரித்துவிட்டுச் சாலையைத் திறந்துவிடுவார்கள். போன வருடம் கடைசியாக ஒருவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருந்தார்களாம், அவரிடமே, சார் அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்கன்னு கொடுத்துவிட்டார்களாம். அம்மா அதைக் கண்ணால் பார்த்தவள். எனக்கு வேற எந்த பயமும் இல்லடி, வேலையிலதான் நாள் பூரா ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அங்கேயும் போய் நின்னுடக் கூடாதுன்னு என்னிடம் சொன்னாள்.

ஷூ உன்னுடையது. கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் இருந்த நீல நிற ஷூ. நீ பதினோராம் வகுப்பில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஓடி என்னத்தை வாரிக்கட்டப் போற, வந்து படின்னு அம்மா மைதானத்துக்கே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனாளே, அன்றைக்கு நீ கழற்றி வைத்தது. அதைப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டு நாடாவைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். அவகிட்ட மட்டும் வாயைத் திறக்காதே, முடிச்சுட்டு நானே சொல்லிக்கிறேன், முடிக்கலேன்னா சொல்றதுக்கு என்ன இருக்குன்னு என்னிடம் சத்தியம் வாங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை, பேனாவைத்தான் திறந்திருக்கிறேன். இதற்கு நரகத்தில் தனி இடம் உண்டா என்று தெரியவில்லை.

நான்தான் கோச். கையில் அப்பாவின் பழைய ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, சுற்றுக்கு ஒன்றாக ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்ற இருபது பாட்டில் மூடி. ஓடும் பாதை நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நான்கு தெரு. டிரான்ஸ்பார்மரிலிருந்து கிளம்பி டயர் கடை, மருந்துக்கடை, பள்ளிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, மறுபடி டிரான்ஸ்பார்மர். அதன் நீளத்தை நானே அளந்தேன். முதல் நாள் ராத்திரி என் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்து நூற்று எழுபத்தைந்து சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். காலையில் பார்த்தால் என் சைக்கிள் பஞ்சர், உன் பெரிய சைக்கிளை எடுத்து ஆரக்காலில் சிவப்பு ரிப்பன் கட்டி, ரிப்பன் மேலே வரும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே மெதுவாக ஓட்டினேன். இருநூற்று எண்பத்தாறு தடவை. பெருக்கினால் சரியாக ஐந்நூறு மீட்டர். இருபது சுற்று, பத்து கிலோமீட்டர். கணக்கில் முப்பத்தெட்டு வாங்கினவள் இதில் மட்டும் புலியா இருக்காளேன்னு அம்மா அப்பாவிடம் பெருமைப்பட்டாள். அப்பா, நான் ஆயுசு பூரா லிஃப்டை மேலயும் கீழயும் ஓட்டுறேன், நீங்க பக்கவாட்டுல ஓட்டுங்கன்னு சொல்லிவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

முதல் வாரம் இரண்டு சுற்றுக்கே டயர் கடை டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் பள்ளிச் சுவரருகே ஒரு நாய் துரத்தியது, இந்த மாதத்திலேயே வேகமான சுற்று அதுதான், நோட்டில் பக்கத்தில் நாய் என்று எழுதியிருக்கிறேன். பேசாம நாயையே கோச்சா வெச்சுக்கலாமா என்று அப்பா கேட்டார். இரண்டாவது வாரம் நிற்காமல் எட்டுச் சுற்று. மருந்துக்கடை வாட்ச்மேன் முதல் சுற்றில் சல்யூட் அடிப்பார், நான்காவதில் என்னம்மா எதையாவது தொலைச்சுட்டீங்களா என்பார், எட்டாவதில் தண்ணீர் பாட்டிலோடு சாலையில் இறங்கி நின்றுவிட்டார். ஷூ அரை அளவு சின்னது, அதனால் கட்டைவிரல் நகம் கறுத்து ஒருநாள் சாக்ஸோடு வந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெயிட்டு குறைஞ்சுதுடி என்றாள். மூன்றாவது வாரம்தான் முழங்கால். வீங்கிப்போய் நான்கு நாள் ஓடவில்லை, பட்டன் அத்தை ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து மடிக்க விட்டாளாம். பிசியோதெரபி சார் பார்த்துவிட்டு, இவ்வளவு வேகமா தூரத்தை ஏத்தினா முட்டி என்னம்மா பண்ணும், யாரு உங்க கோச்னு கேட்டாராம். எங்க வீட்டுலயே ஒரு ஆள் இருக்காங்கன்னு அம்மா சொன்னாளாம். அதை வந்து என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள், அக்கா.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக இருபது சுற்றும் ஓடினாள். பதினேழு வரை நன்றாகத்தான் வந்தாள், பதினெட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், கடைசி இரண்டும் பாதி நடை. ஒரு மணி நாற்பத்தோரு நிமிடம். பதினோரு நிமிடம் அதிகம். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். இந்த வாரம் முழுவதும் இரண்டு சுற்றோடு திரும்பிவிட்டாள்.

இன்று சாயங்காலம் அவளுக்கு ஒரு உற்சாகமாக இருக்கட்டும் என்று சுற்றின் பாதி வழியில் சாக்பீஸில் கோடு போடப் போனேன். என் சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டியாயிற்று, அதில் ரிப்பனைக் கட்டி எண்ணிக்கொண்டு போனேன். நூற்று நாற்பத்து மூன்றில் பாதி வழியான பள்ளிச் சுவர் வர வேண்டும், வரவில்லை. எண்ணிக்கை தப்பிவிட்டது என்று முழுச் சுற்றும் எண்ணினேன், முந்நூற்று முப்பத்தைந்து. மறுபடியும் முந்நூற்று முப்பத்தைந்து. டயர் கடைக்காரர், என்ன பாப்பா, அம்மாவுக்கு பதில் நீயா என்று கேட்டபோதுதான் சைக்கிளை நிறுத்திச் சக்கரத்தைப் பார்த்தேன். அளந்தது என் சக்கரம். எண்ணியது உன் சக்கரம். கணக்குப் போட்டால் உன்னுடையது இருநூற்று ஐந்து சென்டிமீட்டர். சுற்று ஐந்நூறு மீட்டர் இல்லை, ஐந்நூற்று எண்பத்தாறு. அம்மா போன ஞாயிறு ஓடியது பத்து கிலோமீட்டர் இல்லை, பதினொன்றே முக்கால்.

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். பதினேழாவது சுற்று முடியும்போது ஒரு மணி இருபத்து நான்கு நிமிடம். அங்கிருந்து டயர் கடை வாசல் வரை ஓடினால் பத்து கிலோமீட்டர் முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கிறது. கால் வலித்தது அதற்கப்புறம்தான், ஓடவே தேவையில்லாத மூன்று சுற்றில். இந்த மாதம் முழுக்க அவள் கூடுதலாக ஓடிய ஒவ்வொரு மீட்டரும் என் கணக்கு. அந்த நகமும் என் கணக்காக இருக்கலாம்.

சொல்லிவிடலாம் என்று ஓடி வந்தேன். அம்மா சாப்பிட்டுவிட்டு முழங்காலில் பட்டைத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே, ஓட்டத்துக்குக் குடுத்த எண் அட்டையை நாளைக்குத் திருப்பிக் குடுத்துடப் போறேன்டி, நீ இனிமே காலையில தூங்கலாம் என்றாள். நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். ஓட்டம் நாளை மறுநாள். நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரியும், ஆனாலும் யாரிடமாவது சொல்லாமல் தூக்கம் வரவில்லை. சொன்னால் முட்டியைக் கெடுத்தவள் நான் என்று தெரிந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. என்னைச் சமாதானப்படுத்தக் கணக்கை வளைக்கிறாயா என்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன். சொல்லாவிட்டால் காலை எட்டு மணிக்கு அந்த அட்டை போய்விடும், அவள் உன்னிடம் எப்போதும் சொல்லவே மாட்டாள், ஷூ மறுபடி பெட்டிக்குள் போய்விடும். காலையில் அவள் எழுவதற்கு முன்னால் எழுந்து எப்படியாவது

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா விரலால் தட்டுவார், இது உள்ளங்கை. அக்கா, நோட்டை எங்கே வை

கண்ணு, இதற்கு மேல் அம்மா எழுதுகிறேன். விளக்கு வெளிச்சம் கதவடியில் தெரிந்தது, கதவைத் திறந்ததும் உன் தங்கை நோட்டை என் வயிற்றில் குத்துகிற மாதிரி நீட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கடிதத்தை யாரிடமும் காட்டக்கூடாது என்று எழுதியிருப்பதால் நான் இதைப் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள். உங்கப்பா எழுந்து வந்து லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கிற இரும்பு டேப்பால் வாசல் நடையில் இரண்டு சைக்கிள் சக்கரத்தையும் அளந்தார். அவள் சொன்னது சரி. என் மக கணக்கை வளைக்கலை, சைக்கிளைத்தான் மாத்திட்டா என்று அவருக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, மூன்று சுற்று சும்மா ஓடினதற்குக் கோபமும் வந்தது. ஒரு வாரம் என் பங்குப் பாத்திரத்தையும் கோச்சே கழுவ வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியாயிற்று. இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள்.

மாடிப்படிக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். எண் அட்டையைத் திருப்பித் தரவில்லை, சட்டையில் குத்தி நாற்காலியில் மாட்டியிருக்கிறேன். முடித்துவிட்டு உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தது தப்பு, அதனால் முடிப்பதற்கு முன்னாலேயே சொல்கிறேன். அன்றைக்கு மைதானத்தில் நீ எத்தனையாவது சுற்றில் இருந்தாய் என்றுகூட நான் கேட்கவில்லை. ஊருக்கு வரும்போது சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வேலைக்குக் கிளம்பாதே, ஒரு குறையும் இல்லாமல் நல்லா இரு. உனக்குப் புது ஷூ வாங்கிக்கொள், ஓடினாலும் ஓடாவிட்டாலும் அரை அளவு பெரிதாக வாங்கு, பழையதை நான் திருப்பித் தருவதாக இல்லை. இது கையில் கிடைத்ததும் போன் செய். எதையும் கேட்காதே என்று அவள் எழுதியிருக்கிறாள், நீ கேள், ஸ்பீக்கரிலேயே கேள்.

உன் அம்மா,
எண் 412, சலவைப் பிரிவு