சுரப்பியின் பங்கு

சிம்பாங் ரெங்கம்
3 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

நலமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அண்ணன் உங்கள் வாசலுக்கே வந்து உங்கள் சட்டையைப் பிடித்த பிறகு நீங்கள் வேறென்ன செய்வீர்கள்? அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கிழிக்காமல் படியுங்கள்.

எனக்கு என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. போன மாதம் தலைவலி தாங்காமல் மயங்கி விழுந்தேன். அண்ணன் ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் கேனில் பிடித்து வரச் சொன்னார்கள், பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஷர்மினி, நம்ம தமிழ்ப் பிள்ளைதான், படம் போட்டு விளக்கினார். இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம், அட்ரினல் என்று பெயர். முட்டை, மீன், பருப்பில் இருக்கும் டைரோசின் என்ற சத்தை எடுத்து, டோபா, டோபமின், நோரட்ரினலின் என்று படிப்படியாக மாற்றி, கடைசியில் அட்ரினலின் ஆக்குகிறதாம். காஹாங் பக்கம் செம்பனைக் காட்டில் யானை எதிரே வந்தால் நாம் ஓட வேண்டுமே, அதற்காகத்தான். நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும். என் வலதுபக்கச் சுரப்பியில் ஒரு கட்டி. யானையே வராமல் அது கொட்டிக்கொண்டிருக்கிறது.

குனிந்தாலோ வயிற்றில் அழுத்தம் பட்டாலோ கட்டி நசுங்கி இன்னும் கொட்டுமாம். "பயம் உங்களுக்கு இல்லக்கா. சுரப்பி தானா சமைச்சு அனுப்புது லா" என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் பின்னால் வந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தபோதெல்லாம் நான் வெளிறிப்போய் உங்களைத் தள்ளியிருக்கிறேன். அண்ணன் மகள் தேன்மொழி கல்யாணத்தில் போட்டோவுக்காக என்னை இழுத்து அணைத்தீர்கள். அத்தனை பேர் முன்னால் நடுங்கினேன். அண்ணன் என்னைத் தனியே கூட்டிப்போய், "உன்னை அடிக்கிறானாம்மா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நெஞ்சு அடித்த அடியில், இவரைக் கண்டால் எனக்குப் பயம்தான் போலிருக்கிறது என்று நானே நம்பி, அண்ணனோடு இங்கே வந்துவிட்டேன். நீங்கள் ஒருநாளும் என்மேல் கை ஓங்கியதில்லை. அதை அன்றைக்கே சொல்லாமல் போன பாவிதான் இதை எழுதுகிறேன்.

ஷாமளா


கூலாய்
11 மார்ச் 2025

ஷாமளாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் போன் பண்ணாதே. பேச ஆரம்பித்தால் நமக்குள் சண்டை வரும், உனக்குப் பிரஷர் ஏறும். எழுது.

ஒரு வருஷமாக இந்தத் தாமான் குடியிருப்பில் நான் பெண்டாட்டியை அடித்தவன். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் அம்மாகூட என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உன் உடம்புக்கே என்னைப் பிடிக்கவில்லை, பிடிக்காத பெண்ணின் கழுத்தில் தாலி கட்டிவிட்டேன் என்ற நினைப்புத்தான் என்னை அரித்தது. செனாயில் வேலை முடிந்து, பேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

முட்டையும் மீனும் நான் வாங்கிப் போட்டதுதானே? என்னைக் கண்டு நடுங்குவதற்கான சரக்கை என் கையாலேயே வாங்கிக் கொடுத்திருக்கிறேன் பார். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் நேரத்துக்குப் போடு.

திருச்செல்வம்


சிம்பாங் ரெங்கம்
17 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கேலியைப் படித்துச் சிரித்தேன், பிறகு தேம்பினேன். நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து ஏப்ரல் எட்டாம் தேதி ஆப்பரேஷன். அதுவரை பிரஷரை அடக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் மூக்கு அடைக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. உங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வருகிறாராம், விரட்டிவிடாதீர்கள்.

நம் வீட்டில் நடந்த எல்லாமே சுரப்பி செய்த வேலை. உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை, பழி முழுவதும் என்னுடையது. ஆப்பரேஷன் முடிந்ததும் நேரே கூலாய்க்கு வரட்டுமா? ஊர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்தவளை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வீர்களா?

ஷாமளா


கூலாய்
26 மார்ச் 2025

அன்புள்ள ஷாமு,

மச்சான் வந்தார். ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழ அழ எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏன் என்று சொல்கிறேன்.

நீ அடுப்படித் தரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே தண்ணீர் கேட்டாயே, அந்த நாளை நீ எழுதவில்லை. நான், "போதும் லா உன் நாடகம்" என்று சொல்லிவிட்டு, கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குத் தே தாரிக் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ அதே இடத்தில் இருந்தாய். விளக்குக்கூடப் போடவில்லை. உன்னைத் தாண்டிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே உன் முகம் மாற ஆரம்பித்தது. மோட்டார் சத்தம் எந்தக் கட்டியையும் அழுத்தாது ஷாமு. அந்தப் பயம் நான் செய்தது. நான் அடிக்கவில்லை, அது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லிச் சொல்லியே இதை மூடிவைத்திருந்தேன். மச்சானிடமும் சொல்லத் தைரியம் வரவில்லை.

என் பங்கையும் சேர்த்துச் சுரப்பியின் தலையில் கட்டாதே. உன் பழியைக் கழிக்க வேண்டும் என்பதற்காக இங்கே வரவும் வேண்டாம். உடம்பு தேறட்டும். அதன் பிறகு என்னை நினைத்துப் பார். மனம் ஒப்பவில்லை என்றால் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

திருச்செல்வம்


சிம்பாங் ரெங்கம்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள உங்களுக்கு,

கட்டியை எடுத்துவிட்டார்கள். எலுமிச்சம்பழம் அளவு இருந்ததாம். மிச்சமிருக்கும் இடதுபக்கச் சுரப்பி தனியாகவே சமாளித்துக்கொள்ளும் என்கிறார்கள். இப்போது பிரஷர் சீராக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை நேற்றுத்தான் படித்தேன். எனக்குப் பிரஷர் ஏறிவிடும் என்று அண்ணன் பிரிக்காமல் எடுத்து வைத்திருந்தார். பதில் வராமல் தவித்திருப்பீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்ணீரை நான் மறக்கவில்லை. எல்லாவற்றையும் சுரப்பியின்மேல் போட்டுவிட்டால் அதுவும் கூடவே போய்விடும் என்று நினைத்தேன். நீங்கள் விடவில்லை. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, இத்தனை நாள் வராத கோபம். ஆனால் கை நடுங்கவில்லை. உங்களோடு கோபித்துக்கொள்ள முடிகிறது என்பதே எனக்குப் புதிதாக இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் சந்தில் ஒரு மோட்டார், உங்களுடையது மாதிரியே சத்தத்தோடு வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்தது. கட்டியும் இல்லை, மாத்திரையும் இல்லை. பயமா, உங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையா என்று சொல்லத் தெரியவில்லை. எதுவானாலும் அது என்னுடையது. மோட்டார் தாண்டிப் போனதும் ஏமாற்றமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மோட்டாரிலேயே வாருங்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அண்ணனும் அண்ணியும் கோயிலுக்குப் போயிருப்பார்கள். உள்ளே வந்ததும் அடுப்படிக்குப் போய் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள். மற்றதை அதற்குப் பிறகு பேசலாம்.

ஷாமளா