மூன்றாவது அளவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. இங்கே மூவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கினால் எங்களுக்கு அதுவே போதும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களே என்று நீ இன்னும் அழுவதாக மாப்பிள்ளை சொன்னார், அழாதே, உங்கள் கரு ஆஸ்பத்திரியில் உறைநிலையில் பத்திரமாக இருக்கிறது, சுமக்க நான் இருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று டாக்டரம்மா கேட்டார், இரண்டு பேரைச் சுமந்த வயிறு மூன்றாவதுக்கு வாடகையா கேட்கப்போகிறது என்றேன், சிரித்துவிட்டார். ஆனால் பிரஷர் நூற்று நாற்பதைத் தாண்டக்கூடாது, மூன்று வாரம் தினமும் காலையில் வீட்டிலேயே பார்த்துக் குறித்து வாருங்கள், பிறகுதான் முடிவு என்று கண்டிப்பாகச் சொன்னார். இதுவரை எல்லாம் நூற்று நாற்பதுக்குள்தான். உன் அப்பாவுக்குத்தான் ஒரே குழப்பம், அது என்னைத் தாத்தான்னு கூப்பிடுமா அப்பான்னு கூப்பிடுமா என்று டீ குடிக்கும்போதெல்லாம் கேட்கிறார். இருமலை அலட்சியம் செய்யாதே, அடுத்த மாதம் வர டிக்கெட் எடுக்க மறக்காதே. இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள்.

அக்கா, இனி நான் எழுதுவது. யாரோ தைக்கக் கொடுத்த சட்டையை அவசரமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள், அம்மா பொத்தான் வைக்கப் போயிருக்கிறார். நான் முதலில் பார்த்தது அம்மாவின் கையில் இருந்த சிவப்புத் தடத்தை. பிரஷர் பட்டை ஒரு தடவை இறுக்கினால் அப்படிப் பதியாது. மறுநாள் காலை கதவோரம் நின்று பார்த்தேன். முதலில் நூற்று ஐம்பத்தெட்டு. கண்ணை மூடிப் படுத்துவிட்டு மறுபடி பார்த்தார், நூற்று நாற்பத்தேழு. மூன்றாவது நூற்று முப்பத்தாறு, அதை மட்டும் நோட்டில் குறித்தார். ஒரு வாரமாகப் பார்க்கிறேன், தினமும் இதே கதைதான். கேட்டால், மெஷினுக்கு என்னடி தெரியும், முதல்ல அது சூடாகணும் என்றார், பிறகு, அக்காவுக்கு எழுதித் தொலைச்சிடாதே, அவ வேண்டாம்னுடுவா என்றார். யாருக்குத் தைத்தாலும் தையலுக்குள் ஒரு விரல் துணி கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவார், பின்னால பிடிச்சா பிரிச்சு விட வேண்டாமா என்பார். தனக்கு மட்டும் நூலிழைகூட விடவில்லை. ஒன்பதாவதோடு படிப்பு நின்ற எனக்கு மருத்துவம் தெரியாது அக்கா, அம்மாவோடு தைத்து அளவு தெரியும். உனக்குக் குழந்தை வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். உடம்பு அம்மாவுடையது, ஆசையும் அவருடையது, அதில் தலையிட நான் யார். ஆனால் நீயும் டாக்டரம்மாவும் சரி என்று சொல்வதானால் முதல் அளவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நீ என்னை வாயில்லாப்பூச்சி என்பாய். அம்மா வந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துக் காட்டச் சொன்னார். நான் எழுதியதையும் சேர்த்து ஒரு வரி விடாமல் படித்தேன். இனி பேனாவை அவர் கையில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா