பிறைமர் தேடிய நவம்பர்

நவம்பர் 6, 2007
கடைக்காரர் இன்றும் கையை விரித்தார். பிறைமர் இல்லை. தோட்டாவின் அடியில் பொருத்துகிற, பருப்பளவு வெடிமூடி. அது இல்லாவிட்டால் கோது, வெடிமருந்து, ஈயம் எல்லாம் இருந்தும் தோட்டா வெடிக்காது. தொழிற்சாலை இராணுவத்துக்கே செய்கிறதாம். “கடைத் தோட்டா வாங்குங்களேன்” என்கிறார். கடைத் தோட்டா! ஒன்றுக்கு ஒன்று மருந்து வித்தியாசம். டிசம்பர் எட்டில், குறிபார்த்துத் துவக்குச் சுடும் எங்கள் கழகத்தின் போட்டி. மூன்று வருடமாகக் கேடயம் என்னிடம். வீட்டில் தோட்டா செய்வது என் கணவர் பேனாட்டின் பொழுதுபோக்கு. அவர் போன பிறகு, எவ்வளவு கவனமில்லாமல் மருந்தை அளந்து போட்டிருக்கிறார் என்று கண்டு, நானே தொடங்கினேன்.

நவம்பர் 9
லவால், கியூபெக், ஒட்டாவா - எல்லாக் கடைக்கும் தொலைபேசி எடுத்தேன். இல்லை. மகள் ஷெரோன் ரிசீவரைப் பிடுங்கினாள்.
“அம்மா, துவக்கு, மருந்து எண்டு போனில கதையாதேங்கோ. பொலிசுக்கு ஏற்கெனவே எங்கட ஆக்களில சந்தேகம்.”
“என்னட்டை லைசென்ஸ் இருக்கு.”
“லைசென்ஸ் போனில தெரியாது.”

நவம்பர் 14
கழகத்து அருமைநாதனிடம் ஒரு பெட்டி பிறைமர் இருக்கிறதாம், உடைக்காதது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் பேட்டை, பார்க் எக்ஸ்டென்ஷன் முழுவதும் கேட்கச் சிரிப்பார். சென்ற வருடம் இரண்டாமிடம். என்னைவிட மூத்தவர், என்னை அக்கா என்கிறார்! இந்த மனிதரிடம் போய்க் கேட்பதா? மாட்டேன்.

நவம்பர் 17
கேட்கத் தேவையில்லை. கிறிஸ்து பிறப்புக்கான நத்தார் கேக்கை முந்தியே செய்து, பெரிய கோப்பையில் வைத்து அருமைநாதனுக்கு ஷெரோனிடம் கொடுத்தனுப்பினேன். நம்மவர் யாரும் கோப்பையை வெறுமையாகத் திருப்பமாட்டார்கள். எனக்கு என்ன தட்டுப்பாடு என்று கழகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் 19
கோப்பை வந்தது. உள்ளே நிறையச் சீனி, பிறைமர் இல்லை.

நவம்பர் 24
பயற்றம் பணியாரம் அனுப்பினேன்.

நவம்பர் 26
கோப்பையில் ஊறுகாய்க்குப் போடுகிற தேசிக்காய்.

நவம்பர் 30
கொக்கிஸ் பலகாரம் போனது, கறிவேப்பிலை வந்தது. இந்தக் குளிரில் இவ்வளவு பச்சையாக எங்கே பிடித்தார்? கேட்கவேண்டும். கேட்கமாட்டேன்.

டிசம்பர் 2
தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வர, படியில் அருமைநாதன் நிற்கிறார்.
“அக்கா, பலகாரம் திறம். ஆனா எனக்குச் சலரோகம், இனிப்புக் கூடாது. டொக்டர் ஏசுறார். என்ன வேணுமெண்டு வாயைத் திறந்து கேளுங்கோவன்.”
ஆங்கிலத்தில் கேட்டேன். தமிழில் கேட்டால் கெஞ்சுவதுபோல் இருக்கும்.
“விளங்கேல்லை அக்கா. தமிழில.”
விளங்காதாம்! துறைமுகத்தில் என்ன பாஷையில் வேலை செய்தாராம்?
“பிறைமர் தாங்கோ.”
“அவ்வளவுதானே?”
காரைத் திறந்து பெட்டியை எடுத்துத் தந்தார். காரிலேயே கிடந்திருக்கிறது! எத்தனை நாளாகவோ?

டிசம்பர் 8
அமல உற்பவ மாதா திருநாள். காலைப் பூசை, பிறகு கழகம். கடைசிச் சுற்றில் அருமைநாதன்தான் முன்னுக்கு நின்றார். திடீரென்று அவருடைய தோட்டா இரண்டு வெடிக்கவில்லை. வாங்கிப் பார்த்தேன் - ஈரம் பிடித்த பழைய பிறைமர். நல்லதை முழுவதும் எனக்குத் தந்துவிட்டு, நிலவறையில் கிடந்ததைத் தனக்குப் போட்டிருக்கிறார். விசரன்!
நடுவர் வென்றவராக என் பெயரை எழுதப்போனார். எழுதட்டும் என்று என் துவக்கைத் துடைக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் துடைத்தேன் என்பதையும் எழுதவேண்டும். பிறகு, அவர் திரும்பச் சுடட்டும் என்றேன். நான் சம்மதித்தால் சரி என்றார் நடுவர். எங்கள் இருவரிடமும் ஒரே அளவுத் துவக்கு. என் தோட்டா இரண்டைக் கொடுத்தேன்.
“அக்கா, தோத்துப் போவியள்.”
“கதையாமல் சுடுங்கோ.”
சுட்டார். இரண்டும் நட்ட நடுவில்.

டிசம்பர் 9
கேடயம் போய்விட்டது. நான் அழுகிறேனா என்று பார்க்க ஷெரோன் விடியவே வந்து நின்றாள். ஏன் அழவேண்டும்? அழவில்லை. கொஞ்சம் எரிச்சல்தான்.
பூசை முடிந்து, கோயில் வாசலில் அருமைநாதன் தன்னுடைய பெரிய குரலில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு நின்றார்: “வெண்டது நான். ஆனா நடுவில விழுந்த ரெண்டும் அக்கா செய்தது. அப்பிடித் தோட்டா கனடாவில ஒருத்தரும் செய்யாயினம்.”
சுவாமியார்கூட நின்று கேட்டார்.
இதைச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. தானாகச் சொன்னார்.